கிழவிகள் அடுப்போரம் சொன்னவை: ஸ்பானியப் பழமொழிகளுக்கு ஓர் இழை

வேலிக்காத்தான் (இழையைத் தொடங்கியவர்)

ஸ்பானிஷ் வகுப்பில் இரண்டாம் வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வினைச்சொல் அட்டவணையை விட என்னைப் பிடித்து இழுப்பது பழமொழிதான். 'ரெஃப்ரான்' என்கிறார்கள். பெரும்பாலும் எதுகை இயைபோடு வருவதால் ஒரு தடவை காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 'ஆ கியென் மத்ருகா, தியோஸ் லெ அயூதா': விடியலில் எழுபவனுக்குக் கடவுள் துணை. பாடப் புத்தகத்தில் அதே பக்கத்தில் இன்னொன்று: எவ்வளவு முன்னால் எழுந்தாலும் பொழுது சீக்கிரம் விடிந்துவிடாது. இரண்டையும் சொன்னது ஒரே ஊர்க்காரர்கள். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டால் இதில் எங்கே இருக்கிறது 'மக்கள் ஞானம்'? விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

சும்மா_வந்தேன்

முதலாவது முதலாளி சொன்னது. ரெண்டாவது நைட் ஷிஃப்ட் பார்த்தவன் சொன்னது. முடிஞ்சுது, இழையைப் பூட்டுங்க.

மெசேட்டா

சும்மா கேலிக்குச் சொல்லியிருக்கார், ஆனா விஷயம் கிட்டத்தட்ட அதுதான். நான் ஸ்பெயினில் வல்லாடோலிட் பக்கம் இருக்கேன். இங்கே வயசானவங்க யாரும் பழமொழியைப் பழமொழியா எடுத்துவெச்சுப் பேசறதில்லை. எதிரில் இருக்கிறவன் ஏதாவது செய்வான், அதுக்குப் பதிலா வந்து விழும். பேரன் பத்து மணி வரை தூங்கினா முதல் பழமொழி. அதே பேரன் பரீட்சைப் பயத்தில் நாலு மணிக்கே எழுந்து லைட்டைப் போட்டா ரெண்டாவது. பாட்டிக்கு அதில் முரண்பாடே தெரியாது.

கீழ் வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு. மே மாசக் கடைசி, நல்ல வெயில். அரைக்கை சட்டையோட படி இறங்கறேன். மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துட்டு, 'அஸ்தா எல் குவாரெந்தா தெ மாயோ...' அப்படின்னு இழுத்துப் பாதியில் நிறுத்திட்டார். மீதியை நான் சொல்லணும்னு கதவைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கார். 'நோ தெ கீத்தெஸ் எல் சாயோ'ன்னு முடிச்சப்புறம்தான் வழி விட்டார். மே நாற்பதாம் தேதி வரை மேலங்கியைக் கழட்டாதே! மே 31 வரைதானேன்னு கேக்காதீங்க. அதுக்கு மேல ஒன்பது நாள் கூட்டினா ஜூன் 9. இந்த மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரம். மத்தியானம் வியர்க்கும், ராத்திரி ஜன்னலைச் சாத்தாம படுக்க முடியாது. இன்னும் பிடிவாதமான ஒரு நீட்சியும் உண்டு: காலம் சரியில்லேன்னா ஜூன் நாற்பது வரைக்கும் கழட்டாதே!

'சாயோ'ன்னா பழைய காலத்துக் குடியானவங்க போட்ட தொளதொள அங்கி. இன்னிக்கு யார்கிட்டயும் கிடையாது. 'மாயோ'வுக்கு ஒத்து வருதுன்னு பழமொழிக்குள்ள மட்டும் உயிரோட இருக்கு.

பஞ்சாங்கம்

வானிலைப் பழமொழி என்றதும் கை பரபரக்கிறது. என் துறை.

ஸ்பெயினில் நாட்காட்டியே புனிதர்கள் பெயரில் ஓடும். விதைப்பு, அறுவடை, குத்தகைக் கெடு எல்லாம் 'இன்ன புனிதர் நாள்' கணக்குதான். அதில் ஒன்று: 'சான்டா லூசியா வந்தால் இரவு குறையும், பகல் வளரும்.' சான்டா லூசியா திருநாள் டிசம்பர் 13. வருடத்தின் மிகக் குறுகிய பகலோ டிசம்பர் 21, 22 வாக்கில். அப்படியானால் பாட்டிகளுக்குக் கணக்கு தெரியாதா?

தெரியும். நாட்காட்டிதான் காலை வாரியது. பழைய ஜூலியன் நாட்காட்டி நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்தங்கி, 16ஆம் நூற்றாண்டில் குறுகிய பகல் டிசம்பர் 11, 12 பக்கம் வந்து நின்றிருந்தது. பழமொழி அன்று துல்லியம். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாளை வெட்டி எறிந்தார். ஸ்பெயின் உடனே ஏற்றது. அக்டோபர் 4ஆம் தேதி படுத்தவர்கள் 15ஆம் தேதி எழுந்தார்கள். அவிலாவின் புனித தெரேசா இறந்தது அந்த 4ஆம் தேதி இரவில்தான். அதனால்தான் அவர் திருநாள் அக்டோபர் 15.

சூரியன் பத்து நாள் தள்ளிப் போனதாகத் தோன்றியது, பழமொழி அசையவில்லை. இன்னொரு வேடிக்கை, முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த அட்சரேகையில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் இரண்டாம் வார வாக்கில். 13ஆம் தேதிக்குள் சாயங்காலம் மெல்ல நீள ஆரம்பித்துவிடும். காலை உதயம்தான் ஜனவரி முதல் வாரம் வரை தாமதமாகிக்கொண்டே போகும். வயலில் இருந்து திரும்புகிறவன் பார்ப்பது சாயங்காலத்தைத்தானே?

வேலிக்காத்தான்

ஆகா, இது புத்தகத்தில் இல்லை. நாரைக்கும் ஏதோ ஒரு புனிதர் உண்டு என்று எங்கள் வகுப்பு வாத்தியார் சொன்னாரே?

மெசேட்டா

சான் பிளாஸ், பிப்ரவரி 3. 'சான் பிளாஸ் அன்னிக்கு நாரையைப் பார்ப்பாய்.' நம்ம செங்கால் நாரைதான் அது. ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டு, குளிர் விடும்போது கோயில் மணிக்கூண்டுக்குத் திரும்பும். ஆனா இப்போ அதுங்களில் ஏகப்பட்டது போறதே இல்லை. குப்பைக் கிடங்கில் வருஷம் பூரா சாப்பாடு கிடைக்குது, எதுக்கு அவ்வளவு தூரம் பறக்கணும்? கிறிஸ்துமஸ் அன்னிக்கே மணிக்கூண்டில் நின்னு அலகைத் தட்டிக்கிட்டு இருக்கு. கீழ் வீட்டு அம்மா பிப்ரவரி 3க்கு இன்னும் அந்த வரியைச் சொல்லிட்டுத்தான் மேலே பார்க்கிறார்.

நூலகவாசி

சேகரித்தவர்களின் கதையைச் சொல்லாமல் இந்த இழை நிறைவு பெறாது.

15ஆம் நூற்றாண்டில் சான்தியானா மார்க்கெஸ் என்ற பிரபு (1398–1458) பெயரில் ஒரு தொகுப்பு எழுந்தது. தலைப்பே 'கிழவிகள் அடுப்போரம் சொல்லும் பழமொழிகள்' என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது. எழுநூற்றுச் சொச்சம் பழமொழிகள், அகர வரிசையில். 1508இல் செவில் நகரில் அச்சேறியது. அடுத்த தலைமுறையில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் கிரேக்க, லத்தீன் முதுமொழிகளைத் திரட்டிப் புகழ் பெறவும், ஸ்பானியப் பண்டிதர்கள் 'எங்கள் குடியானவனிடம் இல்லாததா?' என்று கிளம்பினார்கள்.

அவர்களில் எனக்குப் பிரியமானவர் கொன்சாலோ கொர்ரேயாஸ். சலமாங்கா பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் கற்பித்தவர். சந்தை நாளில் தோர்மெஸ் ஆற்றுப் பாலத்தருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னிடம் இல்லாத பழமொழியை யார் சொன்னாலும் ஒரு காசு கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. 1627இல் அவர் முடித்த பெருந்தொகுப்பு கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1906இல்தான் அச்சானது. 20ஆம் நூற்றாண்டில் மார்த்தினெஸ் கிளெய்சர் 1953இல் வெளியிட்ட தொகுப்பில் 65,000க்கும் மேல்.

சும்மா_வந்தேன்

ஒரு பழமொழிக்கு ஒரு காசா? எங்க அப்பத்தா அந்தப் பாலத்தில் உட்கார்ந்திருந்தா வாத்தியார் சொத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்பார்.

பூங்கோதை

எல்லாரும் நாரையும் நாற்காலியும் ரசிச்சு முடிச்சாச்சா? இப்போ இதைப் படிங்க: 'முஹேர் ஒன்ராதா, பியெர்னா கெப்ராதா இ என் காசா.' மானமுள்ள பெண் காலொடிந்து வீட்டில் கிடப்பாள்.

இதுவும் மக்கள் ஞானம்தான். இதையும் அதே பண்டிதர்கள் பத்திரமா எழுதிவெச்சாங்க. நூலகவாசி சொன்ன பட்டியலையே திரும்பப் பாருங்க. சொன்னது அடுப்போரத்துக் கிழவிகள். பெயர் வாங்கினது ஒரு பிரபு, ஒரு பேராசிரியர். அந்தக் கிழவிகளில் ஒருத்தி பேராவது தெரியுமா? அவங்க சொன்ன நூறில் எதை விட்டாங்க, எதை எடுத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?

நூலகவாசி

கேள்வி நியாயமானது, அம்மா. பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தக் காலொடிந்த பழமொழி செர்வான்தெஸ் எழுதிய 'டான் குயிக்ஸாட்' நாவலின் இரண்டாம் பாகத்தில் (1615) வருகிறது, ஐந்தாம் அத்தியாயம். சொல்வது ஆணல்ல. குயிக்ஸாட்டின் பணியாளன் சாஞ்சோ பான்சாவின் மனைவி தெரேசா. கணவன் தீவுக்கு ஆளுநராகப் போகிறேன், மகளைப் பிரபுவுக்குக் கட்டிக் கொடுத்துச் சீமாட்டியாக்குகிறேன் என்று ஆகாசக் கோட்டை கட்டுகிறான். அவள், 'நீ போய் ஆளு. நானும் என் மகளும் இந்த ஊரை விட்டு ஓர் அடி நகர மாட்டோம்' என்று சொல்லிவிட்டு இதை எடுத்துப் போடுகிறாள். பெண்ணை அடைக்கச் செய்த பழமொழியைக் கொண்டே கணவனின் வாயை அடைக்கிறாள். எழுதியவர் ஆண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராமத்துப் பெண் ஒருத்தி பழமொழியை எப்படிக் கையாள்வாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பூங்கோதை

காட்சி பிரமாதம், மறுக்கலை. ஆனா தெரேசாவுக்கும் வேற ஆயுதம் கிடைக்கலையே! வீட்டுக்குள்ள இருக்கிறேன்னு சொல்லித்தானே ஜெயிக்க முடிஞ்சுது?

மெசேட்டா

அக்கா சொல்றது சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். இந்தப் பழமொழியை இப்போ இங்கே யாரும் நேராச் சொல்லிக் கேட்டதில்லை. கிண்டலுக்கு வருது. கீழ் வீட்டு அம்மா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ, பார்க்க வந்தவங்ககிட்ட எல்லாம் 'பாருங்க, கடைசியில் மானமுள்ள பொம்பளையாயிட்டேன்'னு சொல்லிச் சிரிச்சார்.

வாத்தியார்

பள்ளிக்கூடத்து ஆளாக ஒன்றைப் போடுகிறேன். 'லா லெத்ரா கோன் சாங்ரே என்த்ரா': இரத்தம் சிந்தினால்தான் எழுத்து ஏறும். கோயா இந்தப் பெயரில் ஒரு ஓவியம் தீட்டியிருக்கிறார், 1780களின் முற்பகுதி, சரகோசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாத்தியார் உட்கார்ந்தபடி ஒரு பையனைக் குனியவைத்து, பின்பக்கத் துணியை விலக்கிச் சாட்டையை ஓங்குகிறார். மற்ற பிள்ளைகளில் சிலர் தலை நிமிராமல் எழுதுகிறார்கள். அந்தக் குனிந்த தலைகளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பழமொழியைத் திட்டி ஒரு வரி எழுதவில்லை கோயா. அது சொன்னதை அப்படியே வரைந்து காட்டினார், அவ்வளவுதான்.

பெற்றோர் பிள்ளையை 'மிதமாகத் திருத்தலாம்' என்ற உரிமை ஸ்பானியச் சிவில் சட்டத்தில் 2007 வரை இருந்தது. அந்த வருடம்தான் நீக்கினார்கள். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிக்கொண்டே வளர்ந்த நமக்கு இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை.

வேலிக்காத்தான்

அப்படியானால் பழமொழிகளை எதிர்த்து அங்கேயே யாரும் எழுதவில்லையா?

நூலகவாசி

எழுதினார்கள். ஃபெய்ஹோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி, ஓவியேதோ நகரில் இருந்தவர், 1750இல் இதற்கென்றே ஒரு கடிதக் கட்டுரை வெளியிட்டார். பழமொழிகளை 'குட்டிச் சுவிசேஷங்கள்' என்று ஸ்பானியர்கள் சொல்வதுண்டு. கூட்டமாகச் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா, பொய்யானவை, கொடுமையானவை எத்தனை இருக்கின்றன என்று அவர் அடுக்கினார்.

அவருக்கு முன்பே டான் குயிக்ஸாட் பொறுமை இழந்துவிட்டார். சாஞ்சோ சம்பந்தா சம்பந்தமில்லாமல் பழமொழியாகக் கொட்டுவதைக் கேட்டு, 'அறுபதாயிரம் சாத்தான்கள் உன்னையும் உன் பழமொழிகளையும் கொண்டு போகட்டும்' என்று சபிக்கிறார். ஆனால் அதே பாகத்தில், சம்பளத் தகராறு வந்தபோது, அவரே சில பழமொழிகளை வரிசையாக வீசி, 'உன்னைப் போல் எனக்கும் மழையாகப் பொழியத் தெரியும்' என்கிறார். காசு என்று வந்தால் படித்தவரும் பழமொழிக்கு இறங்கி வருகிறார்.

சும்மா_வந்தேன்

சாப்பாட்டுப் பழமொழி எங்கே? பன்றியைப் பற்றி ஏகப்பட்டது உண்டுன்னு கேள்விப்பட்டேன்.

மெசேட்டா

'ஆ காதா செர்தோ லெ யேகா சு சான் மார்த்தின்.' ஒவ்வொரு பன்றிக்கும் அதன் சான் மார்த்தின் வந்தே தீரும். நவம்பர் 11. ஊர்ப்புறத்தில் பன்றி அறுக்கும் காலம் அங்கேதான் ஆரம்பம். குளிர் வந்துட்டதால் இறைச்சி கெடாது.

கூட வேலை பார்க்கிற நண்பர் அவங்க ஊருக்குக் கூட்டிப் போனார். 'மதான்சா'ன்னு பேரு, குடும்பமே கூடிடுது. விடியற்காலையில் பன்றியை மேசையில் சாய்ச்சு அறுக்கும்போது, அவர் அத்தை வாளியில் பிடிச்ச ரத்தத்தை வெறுங்கையால் கிண்டிக்கிட்டே இருந்தார். நிறுத்தினா உறைஞ்சுடும், அப்புறம் மொர்சியா போட முடியாது. வெங்காயமும் அரிசியும் சேர்த்துக் குடலில் அடைக்கிற ரத்தத் தொத்திறைச்சி அது. ஆண்கள் தோல் மேல உள்ள முடியைப் பொசுக்கினாங்க. ஒரு துண்டு இறைச்சி கால்நடை மருத்துவருக்குப் போச்சு, புழு இல்லேன்னு அவர் சொன்னாத்தான் மேற்கொண்டு. சாயங்காலம் சொரீசோ என்கிற இறைச்சித் தொத்துக்குப் பிசைஞ்ச கலவையில் ஒரு கைப்பிடியை வாணலியில் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் சரியான்னு எல்லாரும் ருசி பார்த்தாங்க. எதையும் எறியலை. 'பன்றியில் அதோட நடை கூட நல்லாருக்கும்'னு ஒரு சொலவடை உண்டு, அன்னிக்குத்தான் உறைச்சுது.

ஆனா சான் மார்த்தின் பழமொழியைப் பன்றிக்குன்னு யாரும் சொல்றதில்லை. ஊழல் கேஸில் யாராவது உள்ளே போனா, பார் கவுண்டரில் டிவியைப் பார்த்துக்கிட்டே சொல்றது. குரலில் ஒரு திருப்தி இருக்கும்.

பூங்கோதை

இதை ஏத்துக்கிறேன். எளியவன் பெரியவனைப் பார்த்துச் சொல்றது. இன்னும் இது மாதிரி இருந்தா எடுத்து விடுங்க.

பஞ்சாங்கம்

'சட்டம் போகும், ராஜா விரும்பும் பக்கம்' என்று ஒன்று. 'அல்யா வான் லேயெஸ் தோ கியெரென் ரேயெஸ்.' பின்னணிக் கதை ஆறாம் அல்ஃபோன்ஸோ ராஜாவைப் பற்றியது, 11ஆம் நூற்றாண்டு. தேவாலயங்களில் பழைய உள்நாட்டு வழிபாட்டு முறையா, ரோமானிய முறையா என்று சண்டை. இரண்டு புத்தகத்தையும் நெருப்பில் போடுவோம், எது வேகாமல் வருகிறதோ அது என்று முடிவு. உள்நாட்டுப் புத்தகம் தப்பியதாம். ராஜா அதைக் காலால் எட்டி உதைத்துத் திரும்ப நெருப்பில் தள்ளினாராம். நெருப்புச் சோதனை புராணம். 1080இல் புர்கோஸ் சபை ரோமானிய முறையை ஏற்றது வரலாறு.

அதே ராஜா குடும்பத்தில் இன்னொன்று: 'சமோரா ஒரு மணி நேரத்தில் பிடிபடவில்லை.' பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1072இல் ராஜா இரண்டாம் சாஞ்சோ தன் அக்கா உர்ராக்காவின் சமோரா நகரை முற்றுகையிட்டார். மாதக் கணக்கில் உட்கார்ந்தும் பிடிக்க முடியவில்லை. வெல்லிதோ தோல்ஃபோஸ் என்பவன் அக்டோபரில் அவரைக் குத்திக் கொன்றான். முற்றுகை கலைந்தது. ஒரு மணி நேரத்தில் என்ன, அந்த முற்றுகையில் சமோரா பிடிபடவே இல்லை!

'செவிலுக்குப் போனவன் நாற்காலியை இழந்தான்' கதை இன்னும் நல்லது. ராஜா நான்காம் என்ரிக்கே காலத்தில் செவில் பேராயராக இருந்தவர் அலோன்சோ தெ ஃபொன்சேகா. அவருடைய மருமகனுக்கும் (உடன்பிறந்தவள் மகன்) அதே பெயர், சான்டியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் பேராயராக நியமனம். அங்கே கலகம். சரி, நான் போய் அடக்கிவிட்டு வருகிறேன், அதுவரை என் இடத்தைப் பார்த்துக்கொள் என்று பெரியவர் கிளம்பினார். திரும்பி வந்தால் மருமகன் எழுந்திருக்க மறுக்கிறார். ஆக, நாற்காலியை இழந்தவர் செவிலுக்குப் போனவர் அல்ல, செவிலை விட்டுப் போனவர். இப்போது அங்கே பிள்ளைகள் இடம் பிடிக்கும் சண்டையில் கத்துவது இதைத்தான்.

தமால்_பிரியன்

கடல் தாண்டியும் வாங்க. நான் மெக்சிகோ கம்பெனியோட வேலை பார்க்கிறவன். இங்கே கோதுமை ரொட்டி போய் மக்காச்சோளம் வந்துடுது. 'தமாலாப் பிறந்தவனுக்கு வானத்திலிருந்தே இலை விழும்.' தமால்னா சோள மாவை இலையில் பொதிஞ்சு அவிக்கிறது. தலையெழுத்தை இதைவிடச் சுருக்கமாச் சொல்ல முடியுமா? இன்னொண்ணு லத்தீன் அமெரிக்கா பூரா ஓடும்: தூங்குற இறாலை நீரோட்டம் இழுத்துட்டுப் போகும். மீட்டிங்குக்கு லேட்டா வந்தவனைப் பார்த்து 'கமரோன்...'னு ஒரு வார்த்தை போதும், மொத்த ரூமும் சிரிக்கும்.

நூலகவாசி

இன்னொரு திசையும் உண்டு. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் சலோனிகா, இஸ்தான்புல் போன்ற ஊர்களில் குடியேறி, தங்கள் ஸ்பானிஷையும் பழமொழிகளையும் நூற்றாண்டுக் கணக்கில் வீட்டுக்குள் காப்பாற்றினார்கள். ஸ்பெயினில் 'வெந்நீர் பட்ட பூனை தண்ணீரைக் கண்டாலும் ஓடும்' என்பார்கள். நம் சூடு கண்ட பூனைதான். துருக்கியில் வாழ்ந்த இந்த யூதர்கள் (செஃபார்திகள்) வாயில் பூனை இல்லை. 'சூப்பில் சுட்டுக்கொண்டவன் தயிரை ஊதிக் குடிப்பான்' என்றார்கள். அக்கம்பக்கத்துத் துருக்கியர் சொல்வதை ஒட்டியது. விரட்டிய நாட்டின் மொழியில், அடைக்கலம் தந்த நாட்டின் சாப்பாடு.

வேலிக்காத்தான்

நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு பழமொழிக்கும் பக்கத்தில் பொருளை மட்டும் எழுதாமல், யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்றும் குறிக்கப் போகிறேன். மெசேட்டா அண்ணே, வெளியூர்க்காரன் வாயில் இது எடுபடுமா? அடுத்த வருடம் சலமாங்கா போகும் யோசனை இருக்கிறது.

மெசேட்டா

எடுபடும் தம்பி, ஆனா முழுசாச் சொல்லாதே. முழுப் பழமொழியையும் ஒப்பிச்சா வகுப்பில் படிச்சதுன்னு தெரிஞ்சுடும். முதல் பாதியைச் சொல்லி நிறுத்து, மீதியை அவங்க முடிப்பாங்க. பெரியவங்களுக்கு நீ அறிவுரை சொல்ற மாதிரியான பழமொழியைத் தொடவே தொடாதே. சாப்பாடு பத்தினதுன்னா பயமில்லை. 'நல்ல பசிக்குக் காய்ந்த ரொட்டி கிடையாது'ன்னு சொன்னா உடனே தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

பூங்கோதை

மாமியார் பழமொழிகளுக்குத் தனி இழை திறந்திருக்கேன், எல்லாரும் அங்கே வாங்க. முதல் பதிவு: 'சுவேக்ரா, நி தெ அசூகார் எஸ் புவேனா.' சர்க்கரையில் செஞ்சாலும் மாமியார் நல்லாயிருக்க மாட்டாள். வேலிக்காத்தான், இதுக்கு 'யார் சொன்னது'ங்கிற இடத்தில் என்ன எழுதணும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

சும்மா_வந்தேன்

வீட்டில் ரெண்டு பேரும் இந்தத் தளம் படிக்கிறாங்க. நான் அந்த இழைக்கு வரலை.